கைப்பக்குவம் ஏட்டில் ஏறட்டும்

 

தொழிற்சாலைகளுக்கு வேலைமுறைக் கையேடுகள் எழுதுவது என் தொழில். "இதில் எழுத என்ன இருக்கிறது? தெரிந்தவரைக் கேட்டால் போதாதா?" என்று பலர் கேட்பதுண்டு. தெரிந்தவர் இருக்கும்வரை போதும். அவர் ஓய்வு பெற்ற மறுநாள் யாரைக் கேட்பது?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவுக்கு இந்த இக்கட்டு வந்தது. தேர்ந்த தொழிலாளர்கள் பலர் போர்முனைக்குப் போனார்கள். ஆலைகளில் புதியவர்கள் வந்து நின்றார்கள். 1940 முதல் 1945 வரை அந்நாட்டு அரசு 'டி.டபிள்யூ.ஐ.' என்ற பயிற்சித் திட்டத்தை நடத்தியது. மேற்பார்வையாளர்களுக்கு அது கொடுத்த கருவி ஒரு தாள்தான். ஒரு பக்கம் வேலையின் படிகள். எதிரே ஒவ்வொரு படிக்கும் உயிரான குறிப்பு. போருக்குப் பின் இம்முறை ஜப்பானுக்கும் சென்றது. டொயோட்டா நிறுவனம் இதைப் பின்பற்றியது.

நம் வீட்டு ரசத்தையே பாருங்கள். "அடுப்பில் ஏற்று" என்பது படி. "நுரை கூடியதும் இறக்கு" என்பது குறிப்பு. "கொதித்தால் மணம் போய்விடும்" என்பது காரணம். படியை மட்டும் எழுதி வைத்தால் ரசம் வரும், ருசி வராது.

ஆகவே, எழுதத் தொடங்குமுன் நான்கு ஏற்பாடுகள் தேவை. முதலாவது, எல்லா வேலைக்கும் ஒரே படிவம். இரண்டாவது, மூலப் பிரதிக்கு ஒரே இடம். மூன்றாவது, ஒவ்வொரு ஏட்டிலும் பதிப்பு எண், தேதி, பொறுப்பாளர் பெயர். நான்காவது, பல ஏடுகளில் வரும் ஒரே எச்சரிக்கையை ஒருமுறை மட்டும் எழுதி, எங்கும் எடுத்தாளும் வசதி. 2005இல் தரநிலையாக வெளிவந்த 'டிட்டா' என்னும் கணினி முறை இதற்கு உதவுகிறது. மூலத்தைத் திருத்தி ஏடுகளை மறுபடி அச்சிட்டால், எல்லாவற்றிலும் அத்திருத்தம் வந்துவிடும்.

கருவி மட்டும் போதாது. வேலை செய்பவரின் அருகே நின்று பார்த்து எழுத வேண்டும். பிறகு அவ்வேலை அறியாத ஒருவரிடம் அதைக் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். அவர் கை தயங்கி நிற்கும் இடமே நம் எழுத்தில் குறை உள்ள இடம்.

அன்பர்களே, பொருளைக் கொடுப்பது தானம். பல்லாண்டு பழகிய கைப்பக்குவத்தை அடுத்தவருக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பதும் தானமே. உங்கள் வேலையில் ஒன்றையாவது இவ்வாண்டு எழுதி வையுங்கள்.