குரலும் கடிதமும்



ஒரு வீட்டுக்கு விருந்தினர் ஒருவர் வருகிறார். வீடு பூட்டியிருக்கிறது. அடுத்த வீட்டாரிடம், "அவர் வந்ததும் இன்ன செய்தியைச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த வீட்டார் மறந்துபோனால், சொன்னவர் சொன்னதாகவே எண்ணியிருப்பார். கேட்க வேண்டியவரோ எதையும் அறியமாட்டார். சொல்லுதல் வேறு, சென்று சேர்தல் வேறு. இந்த வேற்றுமையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1876-ஆம் ஆண்டில் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் தொலைபேசிக்கு ஒரு குறை இருந்துவந்தது. பேசுவோர், கேட்போர் இருவரும் ஒரே நேரத்தில் கருவியின் அருகே இருந்தாக வேண்டும். கடிதத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1971-இல் ரே டாம்லின்சன் என்பவர் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காட்டினார். குரலையும் கடிதத்தைப் போலக் காத்திருக்கச் செய்யும் குரலஞ்சல் கருவிக்குக் கோர்டன் மாத்யூஸ் என்பவர் 1983-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஆயினும் இவ்விரண்டும் நெடுநாள் இரு வேறு வீடுகளில் குடியிருந்தன. கடிதம் கணிப்பொறிக்கு வரும். குரல் தொலைபேசிப் பெட்டிக்குள் கிடக்கும்.

அவற்றை ஒரே வீட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பு ஒருமுறை எனக்கு வாய்த்தது. அது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்கிறேன்.

மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கும் அலுவலகம் ஒன்றில் நான் தொலைபேசிகளைக் கவனித்துவந்தேன். ஒரு மாணவியின் தந்தை, சான்றிதழ் வந்துசேர இரண்டு நாள் தாமதமாகும் என்றும், விண்ணப்பத்தைத் தள்ளிவிட வேண்டாம் என்றும் அதிகாரி ஒருவரின் குரலஞ்சலில் சொல்லிவைத்திருந்தார். அதிகாரியோ விடுப்பில் இருந்தார். மேசைத் தொலைபேசியில் சிறிய சிவப்பு விளக்கு பன்னிரண்டு நாட்கள் மினுக்கிக்கொண்டே இருந்தது. நானும் அந்த வழியே நாள்தோறும் நடந்தேன். விளக்கைக் கண்டேன், அதன் பொருளைக் கருதினேனில்லை. விண்ணப்பம் தள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு அவளுக்கு உதவி கிடைத்தது உண்மையே. போன ஆண்டு போனதுதான்.

அதன் பிறகே இரண்டையும் இணைக்கத் துணிந்தோம். இதற்கு ஆஸ்டெரிஸ்க் என்னும் மென்பொருளைக் கைக்கொண்டோம். 1999-இல் அதை எழுதத் தொடங்கிய மார்க் ஸ்பென்சர், அப்போது அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர். தம் சிறு நிறுவனத்துக்குத் தொலைபேசி இணைப்பகம் வாங்கப் பொருள் இல்லாமையால் அதைத் தாமே எழுத முற்பட்டார். மாணவர்களாகிய நீங்கள் இதை மனத்தில் கொள்ளுதல் நன்று.

இணைப்பு வேலை செய்யும் விதம் இதுதான். உள்எண் ஒன்றுக்கு அழைப்பு வருகிறது. இருபது விநாடி மணி அடித்தும் எடுப்பாரில்லை என்றால், இணைப்பகம் அழைப்பைக் குரலஞ்சலுக்குத் திருப்புகிறது. திருப்பும்போது, முதலில் அழைக்கப்பட்ட எண் எது என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், இது யாருடைய பெட்டிக்குரிய செய்தி என்பது குரலஞ்சலுக்குத் தெரியாது.

அடுத்து, குரல் எண்ணாக மாறுகிறது. விநாடிக்கு 8,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதுகிறார்கள். ஒரு நிமிடப் பேச்சு 4,80,000 பைட்டுகள் ஆகிறது. ஆனால் 1982-இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிமுறை எழுத்துகளைச் சுமப்பதற்கே ஏற்பட்டது. படமும் ஒலியும் அதில் ஏறிச்செல்ல 1992-இல் மைம் என்னும் முறை வகுக்கப்பட்டது. அம்முறையில் ஒலியின் மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக மாற்றி எழுதுகிறார்கள். எனவே 4,80,000 என்பது 6,40,000 ஆகப் பெருகுகிறது. குரலை முன்னரே சுருக்கி, விநாடிக்கு 13,000 பிட்டுகளாக்கும் ஜி.எஸ்.எம். முறையைக் கையாண்டால், அதே நிமிடம் 1,30,000 எழுத்துகளில் அடங்கிவிடும். பிறகு, இன்ன உள்எண்ணுக்கு இன்ன மின்னஞ்சல் முகவரி என்னும் பட்டியலைப் பார்த்து, கடிதம் மின்னஞ்சல் வழங்கியிடம் ஒப்படைக்கப்படுகிறது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறதல்லவா? நானும் அவ்வாறே எண்ணினேன். இரண்டு படிப்பினைகள் காத்திருந்தன.

முதலாவது பட்டியலைப் பற்றியது. ஊழியர் ஒருவர் வேறு பிரிவுக்கு மாறினார். அவருடைய உள்எண் புதியவருக்குப் போயிற்று. பட்டியலை நான் திருத்தவில்லை. புதியவரின் தாயார் தம் நோயைப் பற்றிக் கண்ணீரோடு சொன்ன செய்தி பழையவரின் அஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்தது. எந்தக் கருவியும் பழுதாகவில்லை. எல்லாம் நான் எழுதிவைத்தபடியே நடந்தன. ஒருவருடைய துயரத்தை மற்றொருவர் கேட்க நேர்ந்ததற்கு நானே காரணமானேன்.

இரண்டாவது, அழித்தலைப் பற்றியது. மின்னஞ்சலில் அனுப்பியதும் மூலக் குரலை அழித்துவிடுமாறு கட்டளையிடலாம். அழிக்காவிட்டால், கடிதத்தைக் கேட்ட பின்னும் தொலைபேசியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே அழிக்கச் சொல்லிவைத்தேன். ஒருவரின் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது. வழங்கி கடிதத்தை ஏற்க மறுத்தது. சாதாரணக் கடிதமானால் எழுதியவருக்கே திரும்பிப் போகும், அவர் அறிந்துகொள்வார். இங்கே கடிதத்தை எழுதியது இயந்திரம். திரும்பி வந்த கடிதம் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்தது. தொலைபேசியில் பேசியவருக்கு ஒன்றும் தெரியாது. அன்றுமுதல் மூலக் குரலை முப்பது நாள் காத்துவைத்தோம். விளக்கு வீணாக எரிந்தால் எரியட்டும் என்று முடிவு செய்தோம்.

குரலையும் கடிதத்தையும் ஒரே பெட்டியில் வைத்து இத்தொல்லையைத் தவிர்க்கும் ஏற்பாடும் இருந்தது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்சு 2007 பதிப்பு அவ்வசதியோடு வந்தது. 2018-இல் வெளியான 2019 பதிப்பில் அவ்வசதி நீக்கப்பட்டது. கருவிகள் வரும், போகும். ஆகையால் எல்லோருக்கும் பொதுவான விதிமுறைகளின்மேல் கட்டுவதே அறிவுடைமை.

இவ்வளவு பாடுபட்டதன் பயன் யாது? மாணவர்கள் அழைக்கும் எண்ணுக்கு வரும் குரல் இப்போது ஒரு மேசையில் அடைபட்டுக் கிடக்கவில்லை. மூன்று பேர் சேர்ந்து பார்க்கும் பொது அஞ்சலுக்கு அது போகிறது. கேட்டவர் தம் பெயரை அதில் குறித்துவைக்கிறார். ஒருவர் விடுப்பில் போனாலும் மற்ற இருவர் இருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தது இயந்திரமன்று. யார் கேட்பது என்று நாங்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்ததே ஆகும்.

நண்பர்களே, நீங்களும் நாளை இத்தகைய பணிகளை ஏற்கக்கூடும். கம்பியை இணைத்ததோடு வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். மறுமுனையில் ஒருவர் கேட்டாரா என்று போய்ப் பாருங்கள். இனி எங்கேனும் குரலஞ்சல் விட நேர்ந்தால், பெயரையும் எண்ணையும் நிதானமாக இருமுறை சொல்லுங்கள். எங்கேனும் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கக் கண்டால், அது யாருடையது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.