பழைய காரும் கடற்கரை ஊரும்



எங்கள் மூதூர்ப் பகுதியில் மாடு வாங்கச் செல்பவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், அதன் பின்னரே விலை பேசுவார். அதே மனிதர் பழைய கார் ஒன்றை வாங்கப் புறப்பட்டால் நிறத்தைப் பார்க்கிறார், இருக்கை உறையைப் பார்க்கிறார், பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். நானும் அவ்வாறே வாங்கினேன். ஆதலால் இன்று நான் பேசப் போவது பிறர் குறையை மட்டுமன்று.

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே உள்ளது எங்கள் ஊர். திருகோணமலைக்குச் செல்வதென்றால் முன்னாளில் லோஞ்சு ஏற வேண்டும். தரைவழி செல்பவர் துறைக்குத் துறை பாதைப் படகுக்காகக் காத்திருக்க வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து மற்றத் துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. அதன் பின்னரே ஆசிரியரும் மீன் வியாபாரியும் நெற்காரரும் சிறிய கார் ஒன்றைப் பற்றி எண்ணத் தலைப்பட்டனர். புதிய கார் வாங்கும் வசதி எத்தனை பேருக்கு உண்டு? மூன்றாம் கை, நான்காம் கை மாறிய வண்டிகளே எங்களை வந்தடைந்தன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் நிலைமை விசித்திரமாயிற்று. வாங்கிய விலையைக் காட்டிலும் கூடிய விலைக்குப் பழைய கார்கள் விற்கப்பட்டன. 2025 இல் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கும்வரை, கையில் இருந்ததைப் பேணிக் காப்பதன்றி வேறு வழியில்லாதிருந்தது. 2022 இல் எரிபொருள் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வரையறுத்தார்கள். அப்போதுதான் சிறிய எஞ்சினின் அருமை எங்களுக்குப் புலனாயிற்று.

என்னுடையது மாருதி 800. இந்தியாவில் 1983 இறுதியிலே வெளிவரத் தொடங்கி, 2014 தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி. மூன்று சிலிண்டர், 796 கன சென்ரிமீற்றர். எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் திறந்து பூட்டக் கூடிய எளிமை அதற்கு உண்டு. ஆனால் எங்கள் ஊர்க் காற்றில் உப்பு உண்டே! உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் பட்ட இரும்பில் துரு விரைந்து ஏறும். வாங்கிய மூன்றாம் மாதம் கால்விரிப்பைத் தூக்கினேன். அடித்தகட்டின் ஓட்டை வழியே வீதி தெரிந்தது. விற்றவர் அதன்மேல் தார்த்தாள் ஒட்டிப் புது விரிப்பு விரித்திருந்தார்.

அயலில் ஒரு மீன் வியாபாரி. அவர் வண்டி என்னுடையதைவிடப் பழையது, தகடோ உறுதியானது. காரணம் கேட்டேன். நாள்தோறும் மாலையில் கிணற்று நீரால் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுகிறாராம். கறுப்பு எண்ணெய் பூசுவதற்கு முன் நன்றாகக் காய விடுவாராம். ஈரத்தின்மேல் பூசினால் துருவை உள்ளே வைத்துத் தைத்ததாகும் என்றார். எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவரின் யப்பானியக் கலப்பின வண்டி அடிக்கடி எச்சரிக்கை விளக்குக் காட்டியது. பெரிய பற்றரி போயிற்று, இலட்சக்கணக்கில் செலவாகும் என்று அஞ்சியிருந்தார். பின்னிருக்கையின் பக்கத்தில், பற்றரியைக் குளிர்விக்கும் விசிறிக்குக் காற்றுச் செல்லும் வழியில் தூசி அடைத்திருந்தது, வேறொன்றுமில்லை.

பழைய கார் எவ்வளவு பொறுக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைச் சொல்ல வேண்டும். 1990களில் பெற்றோல் கிடைக்காத அக்காலத்தில் குடாநாட்டின் மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெயைக் குடிக்கத் தொடங்கும். அந்த எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு என்பதாலேயே இது இயன்றது. எனினும் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். எண்ணெயை அடிக்கடி மாற்றியவரின் வண்டி நிலைத்தது. மாற்றாதவரின் எஞ்சின் தேய்ந்து புகை கக்கியது.

இதையெல்லாம் அறிந்திருந்தும் நான் செய்த பிழையைக் கேளுங்கள். ஒரு மார்கழி இரவு. அடைமழை. அயல்வீட்டுச் சிறுவனுக்கு மூச்சிழுப்பு. தாயையும் மகனையும் ஏற்றிக்கொண்டு மூதூர் வைத்தியசாலைக்குப் புறப்பட்டேன். வயல்வெளி நடுவே எஞ்சினிலிருந்து வெண்ணிற ஆவி கிளம்பிற்று, வண்டி நின்றுவிட்டது. வெப்பங்காட்டும் முள்ளோ குளிர்ந்த பக்கத்தில் கிடந்தது. தண்ணீர் முற்றாக வெளியேறிவிட்டால், அதில் நனைந்திருக்க வேண்டிய உணர்கருவி வெறுமையில் நின்று பொய் சொல்லும் என்பதைப் பின்னரே அறிந்தேன். தாய் ஒன்றும் பேசவில்லை. மகனின் நெஞ்சைத் தடவியபடி இருந்தாள். அந்த மௌனம் இன்றும் என் காதில் இருக்கிறது. நல்வினையாக உழவு இயந்திரம் ஒன்று வந்தது. அதன் பெட்டியில் தார்ப்பாய்க்குள் வைத்துச் சிறுவனைக் கொண்டு சேர்த்தோம். அவன் பிழைத்தான்.

மறுநாள் கராஜில் பார்த்தால், றேடியேற்றர் குழாய் ஒன்று வெடித்திருந்தது. தண்ணீரின்றி ஓடியதால் அலுமினியச் சிலிண்டர் தலை வளைந்திருந்தது. “சேர், இந்தக் குழாய எப்ப மாத்தினீங்க?” என்று அந்த இளைஞன் கேட்டான். வாங்கிய நாள் முதல் தொட்டதில்லை. அதனைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதன் பின் வாங்குபவர் எவர் என்னை அழைத்தாலும் உடன் செல்கிறேன். விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செல்வோம். சூடாக்கி வைத்த எஞ்சின் எளிதிற் கிளம்பும். குளிர்ந்ததே உள்ளதைக் காட்டும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் பெற்றோல் மிகுதியாகச் செல்கிறது. விரிப்பைத் தூக்கிப் பார்ப்போம். றப்பர்க் குழாய்களை விரலால் அழுத்திப் பார்ப்போம். ஓடிய தூரங்காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. பிரேக் மிதியின் றப்பர்த் தேய்வையே நம்புகிறேன்.

சென்ற மாதம் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் என் மாருதியையே விலைக்குக் கேட்டார். “நாளை காலை ஆறு மணிக்கு வாருங்கள், மாஸ்டர், அதுவரை நான் அதைக் கிளப்ப மாட்டேன்” என்றேன். அவர் வந்தார், வந்ததும் முதல் வேலையாகக் கால்விரிப்பைத் தூக்கினார்.