உழவு இயந்திரமும் ஹெட் காஸ்கெற்றும்



கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்காலில் வரும் நாளில் உழவு இயந்திரம் நின்றுவிட்டால், தம்பலகாமத்து வயல்களில் விதைப்புப் பிந்தும். றேடியேற்றரில் நீர் அடிக்கடி குறைதலும், எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்தலும் ஹெட் காஸ்கெற் பழுதுபட்டதன் அறிகுறிகளாகலாம். புதியதை இடுதல் மட்டும் போதாது. அது அமரும் முகம் செம்மையாயிருத்தல் வேண்டும்.

எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே ஹெட்டைக் கழற்றுங்கள். சிலிண்டர்களையும் துளைகளையும் துணியால் அடைத்து, பழைய ஒட்டுகளைச் சுரண்டியால் மெல்ல நீக்குங்கள். அரத்தாளால் தேய்த்தல் ஆகாது. முகம் பள்ளமாகும், தூள் உட்சென்று பெயரிங்குகளைத் தேய்க்கும். போல்ட் துளைகளில் நீரோ எண்ணெயோ தங்கினால், இறுக்கும்போது புளொக் வெடிக்கக்கூடும், துடைத்து உலர்த்துங்கள்.

பின்னர் நேர்விளிம்பை முகத்தின்மீது நீளமாகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்துப் பாருங்கள். 0.1 மில்லிமீற்றர் அளவுத்தகடு அடியில் நுழையுமாயின், பட்டறையில் முகத்தைச் சீவுவித்தல் நன்று. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, கைந்நூல் கூறும் அளவுக்கு இறுக்குங்கள்.