மீண்டும் படியும் வண்டல்



மேற்கு வங்கத்தில், ஹூக்ளி ஆறு கடலை நெருங்கும் இடத்தில், 1977-இல் திறக்கப்பட்ட ஹால்தியா துறைமுகம் இருக்கிறது. பெரிய கப்பல்கள் அங்கே நுழைய வேண்டுமானால் ஆற்றுவழி ஆழமாக இருக்க வேண்டும். ஆறோ ஓயாமல் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே தூர்வாரும் கப்பல்களுக்கு அங்கே வேலை தீர்வதே இல்லை.

அந்த வேலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கப்பலின் பக்கத்திலிருந்து ஒரு பெருங்குழாயை ஆற்றின் அடிவரை இறக்குகிறார்கள். கப்பல் மெதுவாக நகர நகர, பம்புகள் சேற்றை நீரோடு உறிஞ்சி அதன் வயிற்றில் நிரப்புகின்றன. சேறு அடியில் தங்க, மேல்நீர் வழிந்தோடுகிறது. நிரம்பியதும் குழாயைத் தூக்கிக்கொண்டு, குறித்த இடத்திற்குப் போய், அடிக்கதவுகளைத் திறந்து கொட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். இரவும் பகலும் முறைவைத்து இதே வேலை. இந்தக் கப்பல் எந்தச் சரக்கையும் கரை சேர்ப்பதில்லை. அது ஆழப்படுத்திய வழியையும் எவரும் கண்ணால் பார்ப்பதில்லை.

"போன மாதம் சொன்ன அதே பாவந்தான், சாமி. மறுபடியும் எந்த முகத்தோடு வருவது?" என்று ஒப்புரவு அருளடையாளத்திற்கு வராமலே நின்றுவிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. குருக்களாகிய நமக்கும் அந்தக் கூச்சம் உண்டுதான். நேற்று வாரிய இடத்தில் இன்று வண்டல் கிடக்கிறதே என்று அந்தப் பணியாளர்கள் கப்பலைக் கட்டிப்போட்டால், வழி தூர்ந்துபோகும். வருகிற கப்பல் தரைதட்டும்.

நம் பாவங்களை ஆழ்கடலில் எறிந்துவிடுபவர் ஆண்டவர் என்கிறார் இறைவாக்கினர் மீக்கா. மனிதர் கொட்டிய சேற்றில் கொஞ்சம் கடலேற்றத்தோடு திரும்பி வரலாம்; அவர் எறிந்தது வராது.

இன்றிரவும் ஹூக்ளியில் ஒரு குழாய் இறங்கியிருக்கும். அந்தப் பணியாளர்களையும் இன்றைய செபமாலையில் நினைத்துக்கொள்வோம்.