கடல்கோளும் கரையரிப்பும்



இம்மாநாட்டிற்குத் தலைமை தாங்குமாறு வரவேற்புக் குழுவினர் பணித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியோடு அச்சமும் உடன் எழுந்தது என்பதை முதற்கண் விண்ணப்பித்துக்கொள்கிறேன். கல்வெட்டும் ஏட்டுச்சுவடியுமே கற்றுப் பழகிய ஒருவனைக் கணினி வல்லுநரும் கடலியல் அறிஞரும் கூடியுள்ள இச்சபையின் முதல் ஆசனத்தில் அமர்த்தியது உங்கள் பெருந்தன்மை. அதற்கு என்னாலியன்ற கைம்மாறு, மனத்தில் நெடுநாளாக இருந்துவரும் ஒரு விஷயத்தை ஒளிவின்றி உங்கள் முன் வைப்பதே.

மெய்நிகர் மரபும் உரையாடும் செயற்கை நுண்ணறிவும் பருவநிலை மாற்றத்தை மக்களுக்கு எங்ஙனம் உணர்த்தக்கூடும் என்பது மாநாட்டின் பொருள். இதன் அடிப்படைகளை இச்சபைக்கு விளக்கப் புகுவது மிகை. மோசூல் நகரிற் பிறந்த பென் கசீரா என்னும் பொறியாளர் மரபிடங்களைக் கணினிவழிப் பதிவுசெய்யும் சையார்க் நிறுவனத்தை 2003இல் தோற்றுவித்ததும், அந்நிறுவனம் கூகிளோடும் இக்கோமாஸ் என்னும் உலக மரபுச் சின்னச் சபையோடும் சேர்ந்து 2020இல் ராப்பா நூயி, கில்வா கிசிவானி, பாகேர்ஹாட், சான்சான், எடின்பரோ ஆகிய ஐந்து இடங்களைப் பருவநிலையால் இடருறும் மரபுச் சின்னங்களாக உலகிற்குக் காட்டியதும் நீங்கள் அறிந்தவையே. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. முன்பு ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம் 2006க்குப் பின் 3.7 மில்லிமீட்டராயிற்று என்ற கணக்கும் உங்களுக்குப் புதிதன்று. ஆகவே பொதுப்பொருளை இவ்வளவில் நிறுத்தி, நம் கரைக்கு வருகிறேன்.

பாகேர்ஹாட்டின் அறுபது குமிழ் மசூதி இன்றும் நிற்கிறது. அதன் செங்கல்லில் உப்பேறுவதை லேசர் கருவி கொண்டு அளந்து காட்டலாம். புகார் என்னும் காவிரிப்பூம்பட்டினத்தின் நிலை அத்தகையதன்று. நிற்கும் மாளிகை ஒன்றேனும் இல்லாத அந்நகரைத் திரையில் எழுப்புகிறவர், அளவையைக் காட்டிலும் கற்பனையையே பெரிதும் நம்ப வேண்டியவராகிறார். நம் நாட்டில் நான் காண நேர்ந்த காட்சிப் படைப்புக்களிலெல்லாம் மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் நாளங்காடியும் அழகுறத் தோன்றுகின்றன. தோன்றிய சில நிமிஷங்களில் வானளாவிய ஓரலை எழுந்து அனைத்தையும் விழுங்குகிறது. அதன்பின் ஒரு குரல், பருவநிலை மாற்றம் இன்று நமக்கும் இதையே செய்யும் என்று எச்சரிக்கிறது. இந்த அலைக்கு ஆதாரம் என்ன என்பதே என் வினா.

ஆதாரம் மணிமேகலை என்பார்கள். மகனை இழந்த துயரத்தில் நெடுமுடிக்கிள்ளி இந்திரவிழாவை மறந்தான், தெய்வ சாபத்தால் கடல் நகரைக் கொண்டது என்று சாத்தனார் பாடியிருப்பது உண்மையே. கடமை மறந்த அரசனால் குடிகள் கெட்ட கதையாக அதற்குள்ள பெருமையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லேன். அதைக் கட்டுக்கதை என்று ஒரே சொல்லால் தள்ளிய மூத்த அறிஞர் சிலரோடும் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் கடலோரத்து மக்களின் அனுபவம் ஏதோ ஒன்று அதன் அடியில் இருத்தல் கூடும். ஆயினும் காவியத்தின் சாபத்தைப் பூகோளச் சான்றாகக் கொள்வது எவ்வாறு பொருந்தும்?

இவ்விடத்தில், தமிழாராய்ச்சி உலகம் உரிய கௌரவம் தராது விட்ட ஒரு மூலத்தை உங்கள் கவனத்திற்குக் கொணர விரும்புகிறேன். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினரான புத்ததத்த தேரர், தாம் பாலி மொழியில் இயற்றிய அபிதம்மாவதாரத்தின் முடிவில், அந்நூலைக் காவேரிப்பட்டினத்தில், கண்ஹதாசர் என்பவர் கட்டிய விகாரத்திலிருந்து எழுதியதாகக் குறித்து, மக்கள் நெருங்கி வாழும் வளமிக்க நகராக அவ்வூரை வருணிக்கிறார். அவருடைய நூல்களைப் பாலி நூற்கழகத்தார் 1915 முதற்கொண்டே அச்சிட்டனர், மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட பௌத்தமும் தமிழும் என்னும் நூலில் தேரரைப் பற்றிய செய்தி தமிழிலேயே கிடைக்கிறது. அப்பட்டினப் பகுதியிலேயே உள்ள பல்லவனீச்சுரத்தில் தொல்லியல் துறையினர் அகழ்ந்து வெளிப்படுத்திய புத்தவிகாரமும் ஏறக்குறைய அக்காலத்தது. பின்னர் ஏழாம் நூற்றாண்டில் அங்குள்ள திருச்சாய்க்காட்டையும் பல்லவனீச்சுரத்தையும் தேவார முதலிகள் பாடினர். அக்கோயில்கள் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. சங்க காலத்தில் ஓரிரவில் முற்றும் அழிந்த நகரம் ஐந்தாம் நூற்றாண்டில் வளமுற்றிருந்தது எங்ஙனம்? அழிவை ஐந்தாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டது என்று தள்ளி வைத்தாலோ, ஏழாம் நூற்றாண்டின் பதிகங்கள் வழிமறிக்கின்றன. இவ்வினாவைச் சென்ற கருத்தரங்கொன்றில் நான் எழுப்பியபோது, பாலி நூல்கள் சமயச் சார்புடையவை என்று விடையிறுத்த நண்பர் இன்று இச்சபையில் இருக்கிறார். மணிமேகலையும் அதே சமயத்தின் காவியம் என்பதை அன்புடன் அவருக்கு நினைவூட்டுகிறேன்.

இனிக் கடலடிச் சான்று. தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1991இல் புகாருக்கு அப்பால் ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில் கண்ட லாட வடிவப் பொருளைக் கொண்டு, புகாரின் தொன்மை பதினாயிரம் ஆண்டு என்று முழங்குவோர் உளர். கடல் அவ்வளவு தாழ்ந்திருந்தது சுமார் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு என்பது மெய்யே. ஆனால் அப்பொருள் மனிதர் கட்டியதுதானா என்பதே முடிவாகாத விவகாரமாயிருக்க, அதன்மேல் நகரம் எழுப்பி, அந்நகரின்மேல் பருவநிலை உபதேசத்தையும் எழுப்பினால், அடிப்படை ஆட்டங்காணும் நாளில் உபதேசமும் உடன் சரியுமல்லவா? மக்கள் நம்பிக்கையை இழப்பது பழம்பெருமையின் பொருட்டு நாம் கொடுக்கக்கூடிய விலையன்று.

ஐயமற்ற சான்றுகள் வேறு உள்ளன. அவை அலையைவிட ஆழமாக மனத்தைத் தொடுவன. புகாரை ஒட்டிய கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கற் படகுத்துறையும் அதன் மரத்தூண்களும் கடலுள் மூழ்கிக் கிடக்கவில்லை. கரைக்கு உள்ளே, ஆறு விட்டு விலகிய நிலத்தில் இருக்கின்றன. மறுபுறம், பூம்புகார்க் கரையில் நீர் வற்றும் வேளையில், அலை வந்து மீளும் இடத்திலேயே பழைய உறைகிணறுகள் வெளிப்படுகின்றன. சுட்ட மண்ணுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமாய் நிற்க, உள்ளே மணலும் உப்புநீரும் நிறைந்திருப்பதைக் கண்டவர் நம்மில் பலர். குடிநீருக்காகத் தோண்டிய கிணறு அது. தோண்டிய நாளில் அவ்விடம் கரையாயிருந்தது. கடல் அங்கு வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் ஆறு துறையைக் கைவிட, மறுபக்கம் கடல் தெருவை அரிக்க, நகரம் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்தது என்பதே என் துணிபு. இன்று அதே கடலோரத்தில் ஆழ்குழாய்க் கிணற்றில் உப்புநீர் ஏறுவதைக் காணும் உழவனுக்கு, வானளாவிய அலை ஒரு வேடிக்கை; உறைகிணறோ அவன் வீட்டுச் செய்தி.

முழுப் பழியையும் கடல்மட்டத்தின் மேல் சுமத்துவதும் உண்மையாகாது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரி கரைக்குக் கொணர்ந்த வண்டல் குறைந்தது; துறைமுகச் சுவர்கள் மணலின் போக்கை மாற்றின. இதைக் கடலோர மீனவர் நம்மினும் நன்கறிவர். அவர் அறிந்ததை மறைத்துக் கூறும் காட்சியை அவர் எங்ஙனம் மதிப்பார்?

உரையாடும் இயந்திரத்தைப் பற்றிய என் கவலையும் இங்கிருந்தே பிறக்கிறது. புகார் வணிகன் ஒருவனைத் திரையில் நிறுத்தி, வருவோர் கேட்பதற்கெல்லாம் அவனை விடை சொல்ல வைக்கும் திட்டம் இம்மாநாட்டில் விளக்கப்பட இருக்கிறது. இயற்றுவோரின் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் 1966இலேயே ஜோசப் வைசன்பாம் எலைசா என்னும் எளிய நிரல் ஒன்றை இயற்றியபோது, அதற்கு எதுவும் விளங்காது என்று அறிந்தவரும் அதனிடம் மனந்திறந்து பேசினர். அதனால் உண்டான கலக்கமே பின்னர் 1976இல் அவரை ஒரு நூல் எழுதத் தூண்டியது. உரையாடல் என்னும் வடிவமே நம்பிக்கையைப் பெற்றுத் தந்துவிடுகிறது. அறிவு அங்கிருக்க வேண்டுமென்பதில்லை. இன்றைய மொழிமாதிரிகளோ, தாம் பயின்ற எழுத்துக்களில் மிகுதியாக வந்ததை மிகுந்த உறுதியோடு சொல்லும் இயல்பின. புகாரைப் பற்றி மிகுதியாக எழுதப்பட்டிருப்பது ஓரிரவு அழிவும் பதினாயிரம் ஆண்டுத் தொன்மையுமே; புத்ததத்தரைப் பற்றி எழுதியவர் எத்தனை பேர்? நாம் எழுதாது விட்டதை இயந்திரம் எங்கிருந்து சொல்லும்? ஆகவே அவ்வணிகன் சரிபார்த்த மூலங்களிலிருந்து மட்டும் பேச வேண்டும். பேசுவது காவியமா, கல்வெட்டா, அகழாய்வா, ஊகமா என்று ஒவ்வொரு விடையிலும் தெரிவிக்க வேண்டும். சான்றில்லாவிடத்துச் சான்றில்லை என்று சொல்ல அவனுக்குக் கற்பிக்க வேண்டும். கணினிவழி மரபுக் காட்சிகளுக்கு லண்டன் சாசனம் 2006 முதலே இவ்வொழுங்கை விதித்திருக்கிறது. கையொலி எழுப்பி அதை வரவேற்ற நாம், கடைப்பிடிப்பதில் மட்டும் தாமதிக்கிறோம்.

என் அபிப்பிராயத்தில் தொடங்கத்தக்க இடம் புகார்கூட அன்று. அதற்குத் தெற்கே சிறிது தொலைவிலுள்ள தரங்கம்பாடி. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டதை மறுப்பாரில்லை. 1620இல் டேனியர் கட்டிய கோட்டையும், அவர்கள் வரைந்த நகரப் படங்களும், பிற்காலப் புகைப்படங்களும் கரை பின்வாங்கிய வரலாற்றைப் படிப்படியாகக் காட்டவல்லன. அங்கு எழுப்பும் மெய்நிகர்க் காட்சியில் கற்பனைக்கு வேலை குறைவு, அளவைக்கு வேலை அதிகம். நூற்றாண்டு நூற்றாண்டாகக் கரையை நகர்த்திக் காட்டி, அடுத்த நூற்றாண்டின் கரை நாம் எரிக்கும் எரிபொருளைப் பொறுத்தது என்று அங்கே கூறினால், கேட்பவர் தெய்வ சாபத்தை எண்ணி அயர மாட்டார். தம்மால் ஆவது யாது என்று வினவுவார்.

எனவே மாநாட்டினருக்கு என் வேண்டுகோள் இரண்டு. புத்ததத்தர் நூல்களின் முடிவுரைகளை மூலத்துடனும் தமிழ் மொழிபெயர்ப்புடனும் பதிப்பிக்க ஒரு குழுவை இந்த அமர்வுகளுக்குள்ளேயே நியமியுங்கள். தரங்கம்பாடிக் கரையின் பழைய படங்கள், கல்வெட்டுக்கள், நிலப்பதிவேடுகள், மீனவர் வாய்மொழிகள் ஆகியவற்றைத் திரட்டி ஒழுங்குசெய்யும் பணி முடியும்வரை, எந்த இயந்திரத்தையும் இக்கரையின் பெயரால் மக்கள் முன் பேச விடாதீர்கள்.