மீந்த குளிசைகள்



வவுனியா மாவட்டத்துப் பூவரசங்குளத்தில் மழைக்காலத்திற் கோழிகள் சாவது புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் என் வீட்டுக் கோழிகளும் கழுத்துத் திருகி விழத் தொடங்கின. தமக்கையார் உண்டு மீந்த அன்டிபயாட்டிக் குளிசைகள் ஆறேழு அலுமாரியிற் கிடந்தன. அவற்றைப் பொடித்துக் கோழிகள் குடிக்கும் நீரிற் கலந்துவிட்டேன். ஒரு பாடசாலை அதிபர் செய்யத்தக்க காரியமா இது என்று நீங்கள் கேட்கலாம். அன்று எனக்கு அது சிக்கனமாகவே பட்டது.

கோழிகள் பிழைக்கவில்லை. அவற்றைப் பீடித்தது இராணிக்கெட் நோய் என்று கால்நடை வைத்தியர் பின்னர் சொன்னார். அது வைரசினால் வருவது. அன்டிபயாட்டிக் மருந்துகள் பற்றீரியாக்களைக் கொல்லுமேயன்றி வைரசை ஒன்றும் செய்யமாட்டா. ஆயினும் என் குளிசைகள் வாளா இருந்திரா என்பதைச் சொல்லவே இன்று வந்தேன்.

மனிதர், மாடு, கோழி ஆகிய எல்லோர் குடலிலும் எண்ணிறந்த பற்றீரியாக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை தீங்கற்றவை. மருந்து உள்ளே சென்றதும் வலியற்றவை மடிகின்றன. அதனைத் தாங்கவல்ல சில எஞ்சிப் பெருகுகின்றன. அம்மட்டோ? தாங்கும் வித்தையை வேற்றினப் பற்றீரியாவுக்கும் அவை கொடுத்துவிடுகின்றன. 1950களின் இறுதியில் யப்பானிய அறிஞர் வயிற்றளைச்சற் கிருமிகளில் இதனைக் கண்டனர். பரீட்சை மண்டபத்தில் விடைத்தாளை அடுத்த வாங்குக்கு நீட்டும் மாணவனை எனக்கு நன்கு தெரியும். இவை அவனுக்கு இளைத்தவை அல்ல.

பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபெல் பரிசு பெற்ற உரையிலேயே, போதாத அளவில் மருந்துண்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என எச்சரித்தார். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்பவர் ஒரு பண்ணைக் கோழிகளுக்கு டெட்ராசைக்கிளின் கலந்த தீனி கொடுத்துப் பார்த்தார். ஒரு கிழமைக்குள் கோழிகளின் குடற் கிருமிகள் அம்மருந்துக்கு அஞ்சாதவையாயின. சில மாதங்களில், மருந்தையே தொடாத பண்ணை வீட்டாரின் குடலிலும் அத்தகையவை மிகுந்தன. இது 1976இல் வெளிவந்த செய்தி.

நமக்கு அண்மையிலும் நடந்ததுண்டு. புதுடில்லியிற் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரிடம் 2008இல் ஒரு கிருமி பிடிபட்டது. வைத்தியர்கள் கடைசிக் கையிருப்பாகப் பேணும் காபபெனெம் மருந்துகளையும் அது செயலிழக்கச் செய்தது. அவ்வாற்றலைத் தரும் மரபணு சென்னை நோயாளரிடமும் இருந்ததைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் 2010இல் எழுதினர். மறு ஆண்டு, டில்லியின் குழாய் நீரிலும் தெருவோரத் தேக்கங்களிலும் அதனைக் கண்டனர். 2019இல், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கொடுப்பதை இந்திய அரசு தடைசெய்தது.

எங்கள் ஊரை எண்ணிப் பாருங்கள். கோடையில் மாடுகள் அலைகரையில் மேய்கின்றன. சாணமும் கோழியெச்சமும் மழையோடு குளத்துக்கு வருகின்றன. குளத்துநீர் வயலுக்குப் போகிறது. நாமும் அதிலேயே குளிக்கிறோம். இவ்வழியிற் கிருமிக்கு வேலி எங்கே இருக்கிறது?

கோழிகள் செத்த இரண்டாம் ஆண்டு தமக்கையாருக்குச் சிறுநீர்ப் பாதையிற் கிருமி தொற்றியது. இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது நம் குடலிலிருந்தே வரும் கிருமி. முதல் மருந்தும் இரண்டாவதும் பலிக்கவில்லை, காய்ச்சல் ஏறியது. பரிசோதனைத் தாளை வாங்கிப் புள்ளிப் பட்டியல் பார்ப்பதுபோற் பார்த்தேன். பல மருந்துகளுக்கு நேரே, கிருமி எதிர்க்கிறது என்ற குறி இருந்தது. நான் நீரிற் கரைத்த குளிசையின் பெயரும் அவற்றுள் ஒன்று. என் கோழிகளால் வந்த வினை என்று சொல்லமாட்டேன், அதற்குச் சான்றில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

பத்து நாள் நாளத்தில் ஊசி ஏற்றியபின் அவர் வீடு திரும்பினார். இப்போது எங்கள் கோழிகளுக்குக் காலந்தவறாமல் இராணிக்கெட் தடுப்புமருந்து உண்டு. கண்ணில் ஒரு துளி. கோழியைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை, சொட்டுவிடுவது தமக்கையாருடையது. அலுமாரித் திறப்பும் இப்போது அவரிடந்தான்.