சாமி மேடையில் ஒரு கண்ணாடிப் படம்



நம் கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளை விட்டுப் புது வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்கள் பல. சாமான் கட்டும்போது மங்கிய சாமி படங்களைக் கழித்துவிடுவதும் உண்டு. கழிக்குமுன் சற்று உற்றுப் பாருங்கள். அது தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியமாக இருக்கலாம்.

கண்ணாடி ஓவியம் என்றால் கண்ணாடி போட்ட படம் அன்று. கண்ணாடியின் பின்புறத்திலேயே வண்ணத்தால் எழுதிய படம். காகிதத்தில் எழுதுகிறவர் கண்ணையும் நகையையும் கடைசியில் வைப்பார். இதிலோ அவைதாம் முதலில், உடம்பின் நிறம் அடுத்து, பின்னணி கடைசியில். இடத்தை வலமாக மாற்றியும் எழுதவேண்டும். ஐரோப்பாவிலும் சீனாவிலும் வழங்கிய இக்கலை 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் தழைத்தது. 1894இல் ஓவியர் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். மலிவான அச்சுப் படங்கள் பெருகவே, கையால் எழுதுவது குறைந்தது.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? உருப்பெருக்கிக் கண்ணாடியில் நுண்புள்ளிகள் தெரிந்தால் அச்சுப் படம். காகிதமே இல்லாமல் வண்ணம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் ஓவியம்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த வெண்ணெய்க் கண்ணன். எனக்குப் பதினொரு வயதிருக்கும். பொங்கலுக்கு வீடு துடைக்கும்போது, சட்டத்தைக் கழற்றிப் பின்புறத்தை ஈரத்துணியால் துடைத்தேன். பச்சை நிறம் துணியோடு வந்துவிட்டது. பாட்டி திட்டவில்லை. கண்ணன் முகம் இருக்கிறதா என்று மட்டும் திருப்பிப் பார்த்தார். இருந்தது. முகம் கண்ணாடியை ஒட்டிய முதல் பூச்சு அல்லவா?

ஆகவே, பின்புறத்தில் கை வைக்காதீர்கள். தண்ணீர், சோப்பு, எலுமிச்சை எதுவும் ஆகாது. முன்புறத்தை உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். வெயில் விழும் இடத்திலும், அடுப்புப் புகையும் விளக்குச் சூடும் படும் இடத்திலும், மழையில் ஊறும் சுவரிலும் மாட்டாதீர்கள். நம் பக்கத்து ஈரக்காற்றில் வண்ணம் உரியும். சட்டத்தின் பின் நான்கு மூலையிலும் சிறு மரத்துண்டு வைத்தால், சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோடும். ஆணியையும் கயிற்றையும் ஆண்டுக்கொருமுறை பாருங்கள்.

வண்ணம் உரியத் தொடங்கினால், வண்ணப்பக்கம் மேலே இருக்கும்படி படத்தைப் படுக்கவையுங்கள். உதிர்ந்த துணுக்குகளை ஓர் உறையில் பத்திரப்படுத்துங்கள். பசை தடவாதீர்கள், புது வண்ணமும் பூசாதீர்கள். பழைய ஓவியங்களைச் செப்பனிடத் தெரிந்தவர் பார்க்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

பழைய பொருள் வாங்குகிறவர் வாசலுக்கு வந்தால், விலை பேசுமுன் வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, எந்தத் தோட்டத்து வீட்டில் இருந்தது என்பதை அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் ஒரு தாளில் எழுதட்டும். அத்தாளைப் படத்தில் ஒட்டாமல் தனியே வையுங்கள். பெரியவர் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். என் பாட்டியிடம் நான் கேட்கத் தவறிவிட்டேன்.